எழுந்து போகாத முள்ளம்பன்றி

கூவைமலை அடிவாரத்தில் ஒரு பெரிய குட்டை இருந்தது. மலையிலிருந்து வழிந்து வரும் மழைநீரை ஒரு மண்கரை தடுத்து நிறுத்தியிருந்தது. கோடை வந்தால் அந்தக் காட்டில் மானுக்கும் முயலுக்கும் மயிலுக்கும் அதை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. அதனால் விலங்குகள் எல்லாம் கூடி ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, குட்டையைப் பார்த்துக்கொள்ள ஒரு சபை வைத்திருந்தன.

சபைத் தலைவர் கருமலையார் என்ற காட்டெருமை. மற்ற நால்வரும் ஒரு நாரை, ஓர் உடும்பு, கூர்வேலன் என்ற முள்ளம்பன்றி, புதிதாக வந்த மின்னி என்ற கேளையாடு. கேளையாடு என்றதும் ஆடு என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு சிறிய மான். ஆபத்தைக் கண்டால் நாயைப் போலக் குரைக்கும்.

சபைக்கு ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. எந்த விஷயத்தை எடுத்தாலும் முதலில் தலைவர், "இதுல யாருக்காவது சொந்தக் காரியம் இருக்கா?" என்று கேட்பார். இருக்கிறவர் எழுந்து, பக்கத்திலிருந்த மருத மரத்துக்கு அப்பால் போய் நின்றுவிட வேண்டும். பேசவும் கூடாது, வாக்குச் சொல்லவும் கூடாது. முடிவான பிறகுதான் திரும்பி வரலாம். காவலுக்குப் போட்ட வேலியே பயிரை மேயக் கூடாது அல்லவா, அதற்குத்தான்.

கூர்வேலன் வெகுகாலமாகச் சபையில் இருப்பவன். கெட்டிக்காரன், நாலு விஷயம் தெரிந்தவன். ஆனால் மின்னி சபைக்கு வந்த நாளிலிருந்து அவனுக்குத் தின்ற கிழங்கு செரிக்கவில்லை.

மின்னி வந்த முதல் கூட்டத்திலேயே தொடங்கியது வினை. தெற்குக் கரைப் புல்லை யார் மேய்வது என்பது அன்றைய பேச்சு. கருமலையார் வழக்கம்போலக் கேட்டார். மின்னி உடனே எழுந்துவிட்டாள்.

"என் நாத்தனார் குடும்பம் அங்கதான் மேயுது ஐயா. நான் அந்தப் பக்கம் போய் நிக்கிறேன்."

அவ்வளவுதான் அவள் செய்தது. ஆனால் அன்று சாயங்காலம் தண்ணீர் குடிக்க வந்த முயல்கள் எல்லாம் அதையே பேசின. "எவ்வளவு நேர்மையான பொண்ணு பாரு. நாத்தனாருக்காகக்கூட வாயைத் திறக்கலையாம்!" மயில்களும் பேசின. அணில்கள் கிளைக்குக் கிளை கொண்டுபோய்ச் சொல்லின. இதெல்லாம் போதாது என்று கூர்வேலனின் மனைவி சலங்கையும், "அந்தப் பொண்ணுக்கு நல்ல மனசுங்க" என்றாள்.

கூர்வேலனுக்கு வயிறு பற்றி எரிந்தது. 'எழுந்து நாலடி நடந்ததுக்கு இத்தனை பாராட்டா? இவ்வளவு காலமா நான் உட்கார்ந்து நியாயம் சொன்னேனே, அதை ஒரு அணிலாவது பேசியிருக்குமா?' என்று புழுங்கினான். அவள் அவனைக் கண்டபோதெல்லாம் "வாங்கண்ணே" என்று தலை தாழ்த்தியதுகூட அவனுக்கு நடிப்பாகத்தான் தெரிந்தது. பொறாமைக்காரனுக்கு வணக்கம் சொன்னாலும் வலிக்கும்.

யோசித்து யோசித்து அவன் ஒரு முடிவுக்கு வந்தான். எழுந்து போனால் பேர் கிடைக்கும் என்றால், எழுந்து போகத் தனக்குத் தெரியாதா?

அடுத்த கூட்டத்தில் தேன்கூட்டைப் பற்றிய பேச்சு வந்தது. குட்டையோரத்து ஆலமரத்தில் தேனீக்கள் கூடு கட்டலாமா என்பது கேள்வி. கருமலையார் கேட்டு முடிப்பதற்குள் கூர்வேலன் எழுந்தான்.

"எனக்கு இதுல சொந்தக் காரியம் இருக்கு. ஒரு காலத்துல எங்க தாத்தாவை மூக்குல தேனீ கொட்டிடுச்சு. அந்தக் கோபம் எனக்குள்ள இருக்கும். நான் போறேன்."

முட்களைச் சலசலவென்று ஆட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று மெதுவாக மருத மரத்துக்கு அப்பால் போனான். அங்கே நின்று காதைத் தீட்டிக்கொண்டான். 'ஆஹா, கூர்வேலன் எப்பேர்ப்பட்டவன்' என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தான். காதில் விழுந்ததெல்லாம் தேனீக்களைப் பற்றிய பேச்சுதான்.

அடுத்த தடவை நண்டு வளைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. தனக்கும் நண்டுக்கும் வளை தோண்டுகிற தொழில் ஒன்றே என்று சொல்லி எழுந்து போனான். அதற்கடுத்து தவளைகளின் சத்தம். தன் தூக்கம் சம்பந்தப்பட்டது என்று எழுந்து போனான். கடைசியில் உடும்புக்கே பொறுக்கவில்லை.

"கூர்வேலரே, உமக்கு எதுலதான் சொந்தக் காரியம் இல்ல? மரத்தடியிலேயே ஒரு வளை தோண்டிக்கிட்டா நடை மிச்சமாகுமே" என்றது.

நாரை அலகை இறக்கைக்குள் விட்டுச் சிரித்தது. மின்னி மட்டும் சிரிக்கவில்லை. "விடுங்க, அண்ணனுக்கு மனசுல பட்டுச்சு, போனாரு" என்றாள். அவள் தனக்காகப் பரிந்து பேசியது கூர்வேலனுக்கு உடும்பின் கேலியைவிட அதிகமாகக் குத்தியது. அவன் அந்த வாரம் முழுவதும் மனைவியிடம்கூடச் சரியாகப் பேசவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. குட்டை நிறையத் தொடங்கியது. ஒருநாள் மின்னி ஒரு விஷயத்தைச் சபைக்குக் கொண்டுவந்தாள்.

"ஐயா, கரையோட வெளிப்பக்கம் நடுவுல மண் ஈரமா இருக்கு. தண்ணி கசியுது. உள்ள எங்கயோ பொந்து இருக்கணும். மழை பெருசா ஆகறதுக்குள்ள களிமண் வச்சு அடைச்சிடணும். கரைக்குள்ள யாராவது குடியிருந்தா வேற இடம் பார்த்துக் கொடுத்து மாத்தணும். கரை போச்சுன்னா கோடைக்குக் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணி இருக்காது."

கூர்வேலனுக்குத் திக்கென்றது. அந்தப் பொந்து அவனுடைய வளைதான். போன வருஷம் மண் இளகலாக இருக்கிறதே என்று கரையின் நடுவயிற்றிலேயே தோண்டியிருந்தான். வாசலை ஒரு புதர் மறைத்திருந்ததால் சபையில் யாருக்கும் தெரியாது. சலங்கையும் இரண்டு குட்டிகளும் அதற்குள்தான் இருந்தார்கள். தரை ஈரமாகிறது என்று சலங்கை முந்தாநாள்கூடச் சொல்லியிருந்தாள்.

கருமலையார் கேட்டார். "இதுல யாருக்காவது சொந்தக் காரியம் இருக்கா?"

எல்லோரும் கூர்வேலனைத்தான் பார்த்தார்கள். பழக்கதோஷம். உடும்பு அவன் எழுந்து போக வசதியாக வாலைக்கூட ஒதுக்கிக்கொண்டது.

கூர்வேலன் எழுந்திருக்கவில்லை.

வளையைக் காலி செய்வது அவனுக்குப் பெரிய நஷ்டமில்லை. மலைச்சரிவில் பாறைக்கு அடியில் எத்தனையோ இடம் இருக்கிறது. அவன் மனத்தில் ஓடியது வேறு. தான் எழுந்து போனால் விஷயம் நிறைவேறிவிடும். கரை பலப்படும். கோடையில் தண்ணீர் குடிக்கும் ஒவ்வொரு முயலும் 'மின்னி காப்பாத்தின தண்ணி' என்று சொல்லிச் சொல்லிக் குடிக்கும். அணில்கள் கரைக்கே அவள் பெயரை வைத்துவிடும். சலங்கை மறுபடி, 'அந்தப் பொண்ணுக்கு நல்ல மனசுங்க' என்பாள். அதை மட்டும் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"எனக்கு ஒரு காரியமும் இல்ல" என்றான். "இந்தக் கரை எத்தனை மழையைப் பார்த்திருக்கு. கரைன்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும். நேத்து வந்தவங்க சொல்றாங்கன்னு காட்டையே மண் சுமக்க வைக்கணுமா?"

மண் சுமப்பது என்றதும் உடும்புக்கு உடம்பு வலித்தது. அது பெரிய சோம்பேறி. "கூர்வேலர் சொல்றது சரி" என்று அவன் பக்கம் சேர்ந்துகொண்டது. நாரை மின்னியின் பக்கம் நின்றது. இரண்டுக்கு இரண்டு. இப்படிச் சமமாக நின்றால் உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்று விட்டுவிடுவது சபை வழக்கம். தலைவர் வாக்குச் சொல்வதில்லை. கருமலையார் கூட்டத்தை முடித்தார்.

தன் மூக்குப் போனாலும் சரி, எதிரிக்குச் சகுனத்தடை ஆனால் போதும் என்று இருந்தவனுக்கு அன்று கிழங்கு இனித்தது. வீட்டுக்குப் போனதும் சலங்கை கேட்டாள்.

"ஏங்க, சுவத்துல தண்ணி துளிர்க்குது. பிள்ளைகளை மலைப்பக்கம் கூட்டிட்டுப் போயிடலாமா?"

"சும்மா இரு. இப்பப் போனா ஏன் போனோம்னு கேப்பாங்க. மழை முடியட்டும்."

கார்த்திகையில் பெருமழை வந்தது. குட்டை கரை விளிம்புவரை நிரம்பித் தளும்பியது. கூர்வேலன் இரை தேடி மலைச்சரிவுக்குப் போனவன், நடுப்பகலில் மழை வலுத்ததும் ஒரு பாறையடியில் ஒதுங்கி நின்றான். அப்போது கீழேயிருந்து ஒரு குரைப்புக் கேட்டது. மின்னியின் குரல். விடாமல் குரைத்தாள். ஆபத்து, கரையை விட்டு ஓடுங்கள் என்று அதற்கு அர்த்தம். காட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

கூர்வேலனுக்கும் தெரியும். ஆனால் அவன் அசையவில்லை. 'ஆரம்பிச்சுட்டா. ரெண்டு சொட்டு அதிகமாப் பேஞ்சா போதும், தான் ஒருத்திதான் காட்டைக் காக்கிறவள்னு காட்டிக்கணும்' என்று முணுமுணுத்துக்கொண்டு கிழங்கைக் கடித்தான்.

அவன் கடித்துக்கொண்டிருக்கும்போதே மலை சரிந்ததுபோல ஒரு சத்தம் எழுந்தது. எட்டிப் பார்த்தான். கரையின் நடுவில் பெரிய வாய் திறந்திருந்தது. அதன் வழியாகக் குட்டை முழுவதும் செம்மண் நிறத்தில் பாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாய் திறந்த இடம் அவன் வீடு.

"சலங்கை!" என்று கத்திக்கொண்டு சரிவில் உருண்டு விழுந்து ஓடினான். முட்கள் பாறையில் பட்டு முறிந்தன. கரைக்கு வந்தபோது வளையும் இல்லை, வாசல் புதரும் இல்லை. குழம்பிய தண்ணீரைப் பார்த்துப் பார்த்துக் குட்டிகளின் பெயரைச் சொல்லி அழுதான். அப்படி அவன் அழுததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

"இங்க இருக்கோம்" என்று மேட்டிலிருந்து சலங்கையின் குரல் வந்தது. குட்டிகள் நனைந்து நடுங்கிக்கொண்டு அவளை ஒட்டி நின்றன. குரைப்புச் சத்தம் கேட்ட அந்தக் கணமே அவள் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு, மற்றதை முன்னால் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பக்கத்தில் மின்னி, தொண்டை கட்டிப்போய்ப் பேச முடியாமல் நின்றாள்.

மழை விட்டதும் காடே அங்கே கூடியது. குட்டையில் சேறும் துள்ளும் மீன்களும்தான் மிச்சம். அதுதான் அந்தப் பருவத்தின் கடைசி மழை, இனி அடுத்த ஐப்பசி வரை மழை கிடையாது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் மூன்று மலை தாண்டி ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். கிழ முயல்களும் சினை மான்களும் அவ்வளவு தூரம் நடந்து பிழைக்குமா என்பது சந்தேகம்தான்.

கருமலையார் கேட்டார். "கரை எப்படி உடைஞ்சது?"

"மழை அப்படி ஐயா" என்றது உடும்பு அவசரமாக. "யாரு என்ன செய்ய முடியும்?"

பலர் தலையாட்டினார்கள். வளை இருந்த அடையாளமே தண்ணீரோடு போய்விட்டது. கூர்வேலன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவன் குட்டிகளைப் பார்த்தான். பிறகு முன்னால் வந்தான்.

"மழை இல்ல ஐயா. நான்தான். கரைக்கு நடுவுல வளை தோண்டினது நான். அன்னிக்குச் சபையில எனக்குச் சொந்தக் காரியம் ஒண்ணுக்கு ரெண்டா இருந்துச்சு. ஒண்ணு என் வளை. இன்னொண்ணு இந்தப் பொண்ணு மேல எனக்கு இருந்த பொறாமை."

கருமலையார் அவனருகே வந்து கேட்டார்.

"காரியமே இல்லாதப்போ எத்தனை தடவை எழுந்து போனே. இருந்தப்போ ஏம்ப்பா போகல?"

"அப்போ எழுந்து போனா எனக்குப் பேர் கிடைக்கும்னு நினைச்சேன் ஐயா. இந்தத் தடவை எழுந்து போனா அவளுக்குப் பேர் கிடைச்சிடும்னு உட்கார்ந்துட்டேன்."

கூர்வேலனைச் சபையை விட்டு நீக்கினார்கள். சோம்பலுக்காக வாக்குச் சொன்ன உடும்பையும் நீக்கினார்கள். அந்தக் கோடையில் காடு முழுக்க மூன்று மலை தாண்டி நடந்தது. நடக்க முடியாதவர்களில் சிலர் வழியிலேயே விழுந்து உயிரை விட்டார்கள். கூர்வேலன் எல்லோருக்கும் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். 'வாங்கண்ணே' என்று மின்னி கூப்பிட்டபோது அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஊர்க் காரியத்தில் தீர்ப்புச் சொல்ல உட்காருகிறவர், தனக்கு லாபம் வரும் இடத்தில் மட்டுமல்ல, அடுத்தவர்மேல் பொறாமை இருக்கும் இடத்திலும் எழுந்து ஒதுங்கி நிற்க வேண்டும்.