விலாங்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

இதை எனக்கு முதலில் சொன்னது பிச்சம்மாள். நாலு வருஷத்துக்கு முந்தின பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலுக்குப் போன வேனில் டயர் வெடித்து, உடைமரத்து நிழலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் துடைக்கிற வேலை அவளுக்கு. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாள். இதில் வருகிற பேராசிரியரின் மனசுக்குள் நடந்ததை, பிறகு அவரே அவளிடம் சொன்னாராம்.

"குருவே, ஒரு புத்தகத்தைப் படிக்காம விட்டா பாவமா?"

கேட்டவர் தெய்வசிகாமணி சார். விலங்கியல் பேராசிரியர். ஐம்பத்து மூன்று வயது.

அவர் குருவே என்று கூப்பிட்டது செண்பகவடிவை. வடிவு என்போம். நூலகத்துக்குப் புதுப் புத்தகம் எடுக்கிற பிரிவு அவள் பொறுப்பு. சாருக்குப் பன்னிரண்டு வயது இளையவள். எனக்கு மகள் மாதிரி, அதனால் அவள் என்றே சொல்கிறேன்.

முதலில் கேலிக்குத்தான் அப்படிக் கூப்பிட்டார். எதைப் படிக்கலாம் என்று பத்து வருஷமாக அவளிடம் கேட்டுக் கேட்டு, அந்தக் கேலி எப்போது கழன்று விழுந்தது என்று அவருக்கே தெரியாது.

"எந்தப் புத்தகம் சார்?"

சார் நீள மேசையைக் காட்டினார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒரு தடவை புத்தக வியாபாரி, புதிதாக வந்த ஆராய்ச்சிப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து மேசையில் பரப்பிவிட்டுப் போவார். திங்கள் முதல் வெள்ளி வரை கிடக்கும். அந்தந்தப் பாடத்துப் பேராசிரியர் பார்த்து, வேண்டியதில் செருகியிருக்கும் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்தது நூலகத்தில் தங்கும். விழாதது வெள்ளிக்கிழமை நாலு மணி வண்டியில் திரும்பிப் போய்விடும்.

அன்று வெள்ளி. மணி மூன்று.

சார் காட்டியது விலாங்கு மீனைப் பற்றிய புத்தகம்.

விலாங்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாம்பு மாதிரி வழுக்கும். நம் ஆற்றில் வளர்ந்து, ஒரு மழைக்காலத்தில் கடலுக்குக் கிளம்பும். போனது திரும்பாது. எங்கோ ஆழத்தில் முட்டையிட்டுச் செத்துப்போகும். குஞ்சுகள் மட்டும், கண்ணாடிச் சில்லு மாதிரி உடம்போடு, மறுபடியும் ஆறுகளைத் தேடி வரும்.

எங்கே போய் முட்டையிடுகிறது? அந்த ஒரு கேள்விக்குச் சார் பதினாலு வருஷம் கொடுத்தார். படகில் வாந்தி எடுத்தார். மகளுக்குச் சடங்கு நடந்த அன்று நடுக்கடலில் இருந்தார். கடைசியில் கடலில் ஓர் இடத்தைக் குறித்து, இதுதான் என்று ஒரு புத்தகம் எழுதி முடித்தார். திங்கட்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். பிழை திருத்திய தாள்கள் அவர் பையில் இருந்தன.

மேசையில் கிடந்த புத்தகம் ஏதோ குளிர்தேசத்துப் பெண் எழுதியது. அவளும் விலாங்கைத் தேடினவள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், சார் குறித்த அதே இடத்தைச் சொல்லி, ஒன்பது வருஷம் அங்கே வலை போட்டேன், ஒரு முட்டைகூட இல்லை என்று எழுதியிருந்தாள்.

"விலங்கியலுக்குக் கையெழுத்துப் போடுறது நான்தான். நான் போடலேன்னா அது வண்டியில ஏறிடும். இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. யாரையும் ஏமாத்தல. ஒரு கையெழுத்துப் போடல, அவ்வளவுதான். படிக்காம விட்ட மாதிரி."

"அதான் படிச்சிட்டியளே சார்."



வடிவு திட்டுவாள் என்று சார் நினைத்தாராம். இல்லையென்றால், பரவாயில்லை விடுங்கள் என்று சொல்வாள் என்று. அவள் இரண்டும் செய்யவில்லை. காலிப் பெட்டியை இழுத்துப் போட்டாள்.

"கட்டுறதுக்கு ஆளு வரல. கை குடுக்கியளா?"

கையெழுத்து விழாமல், விலாங்குப் புத்தகத்தோடு சேர்த்து இருபது புத்தகங்கள் கிடந்தன. பெட்டியில் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சில புத்தகங்களில் அச்சகத்தில் தைக்கும்போதே கடைசித் தாள்கள் விட்டுப் போயிருக்கும். பார்க்காமல் அனுப்பினால், கிழித்தது நீங்கள்தான் என்று வியாபாரி சண்டைக்கு வருவார். கடைசி வரியை வாய்விட்டுப் படித்தால்தான் வடிவுக்குத் திருப்தி. அப்போதுதான் முடிந்ததா, பாதியில் நிற்கிறதா என்று தெரியுமாம்.

சார் முதல் புத்தகத்தை எடுத்தார். நட்சத்திரங்களைப் பற்றியது. எழுநூறு பக்கம், தலையணை கனம். கடைசிப் பத்தியை ஆங்கிலத்தில் கடகடவென்று படித்துவிட்டுப் பெட்டியில் வைத்தார்.

அலமாரி துடைத்துக்கொண்டிருந்த பிச்சம்மாள் சும்மா இருக்கவில்லை. "என்ன சார் சொல்லுது அது?"

"வானத்துல கண்ணுக்குத் தெரியிறது கொஞ்சம்தானாம். தெரியாம நெறஞ்சு கெடக்கிறது எதுன்னு எங்களால சொல்ல முடியலன்னு முடிக்கிறாங்க."

"எழுநூறு பக்கம் எழுதிட்டா அதச் சொல்லுதாவ?"

சார் சிரித்தார். அடுத்ததை எடுத்தார்.

அது குழந்தைகளுக்கு வரும் காய்ச்சலைப் பற்றியது. ஒரே வீடு, ஒரே பாய், ஒரே தண்ணீர். ஒரு பிள்ளை படுத்துவிடுகிறது, பக்கத்தில் படுத்த பிள்ளைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன் என்று தெரியவில்லை என்று அந்த டாக்டர் எழுதி நிறுத்தியிருந்தார். பிச்சம்மாள் துணியைக் கீழே வைத்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்றுதான் இருக்கிறது.

கோயில் சுவர்க் கல்வெட்டுகளைப் பற்றிய புத்தகம் ஒன்று. தெற்குச் சுவரில் ஒரு வரி எனக்குப் பிடிபடவில்லை, படத்தைப் போட்டிருக்கிறேன், என்னைவிட நல்ல கண் உள்ளவர்கள் படித்துக்கொள்ளட்டும் என்று அதில் இருந்தது.

விதவைகளுக்குச் சொத்து கிடைப்பதைப் பற்றி நானூறு வீடுகளில் விசாரித்தவர், கதவு திறக்காத வீடுகளைப் பற்றி நான் எதையும் அறியேன் என்று முடித்திருந்தார்.

கணக்குப் புத்தகத்தைச் சாராலும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. கடைசி வரி மட்டும் விளங்கியது. இந்த வாசல் வரை வந்துவிட்டேன், உள்ளே போகத் தெரியவில்லை.

சாரின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது என்றாள் பிச்சம்மாள். கடகடவென்று படித்த மனுஷர், சுவாமி சந்நிதியில் நிற்கிறவர் மாதிரி மெல்லப் படிக்க ஆரம்பித்தாராம்.

ஒரு புத்தகம், நாலே பேர் பேசுகிற ஒரு பாஷையைப் பற்றியது. நாலு பேரில் மூத்தவள் ஒரு சொல்லை அடிக்கடி சொல்வாளாம். அர்த்தம் கேட்டால் சிரிப்பாளாம். ஆறு வருஷம் கேட்டேன், சிரித்தாள், போன மழைக்குக் காலமாகிவிட்டாள், சொல்லை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். புத்தகம் அந்தச் சொல்லோடு முடிந்தது.

சார் அந்தச் சொல்லை உச்சரித்துப் பார்த்தார். இன்னொரு தடவை உச்சரித்தார். கையில் ரோமம் சிலிர்த்து நின்றதைப் பிச்சம்மாள் பார்த்தாள்.

பத்தொன்பது பேர். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒருவர் படிப்பு இன்னொருவருக்கு விளங்காது. ஆனாலும் இருட்டில் கைகோத்துக்கொண்டு ஏதோ பெரிய ஒன்றின் விளிம்பில் எல்லாரும் வரிசையாக நிற்கிற மாதிரி அவருக்குத் தோன்றியதாம். அந்தப் பெரிய ஒன்றின் மூச்சு முகத்தில் பட்டது என்றாராம். பிச்சம்மாள் அதைச் சொல்லும்போது எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. முருகா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

மிச்சம் இருந்தது விலாங்குப் புத்தகம் ஒன்றுதான்.

சார் அதைத் தொடத் தயங்கினார். வடிவு எடுத்துக் கையில் கொடுத்தாள். "இதுக்கும் பாக்கணும் சார்."

சார் படித்தார். பிறகு பிச்சம்மாளுக்காகத் தமிழில் சொன்னார்.

"இங்கே இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். எங்கே என்று தெரியாது. என் வலை எட்டாத தண்ணீரில் யாராவது தேடியிருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்."

கீழே அவள் விலாசம் இருந்தது.

"முழுசா இருக்கு," என்றார் சார்.

வடிவு கையை நீட்டினாள். "உங்களுதக் குடுங்க."

சார் பையைத் திறந்து தாள்களைக் கொடுத்தார். வடிவு அடியில் இருந்த தாளை உருவி வாய்விட்டுப் படித்தாள்.

"ஆக, இதில் இனிமேல் ஐயத்துக்கு இடமில்லை."

தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. தாள்கட்டைத் தூக்கி அடியில் தடவிப் பார்த்தாள். மேசைக்குக் கீழே குனிந்துகூடப் பார்த்தாளாம்.

"சார், இதுல கடைசிப் பக்கம் விட்டுப் போச்சு."

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

சார் பேனாவைத் திறந்தார். விலாங்குப் புத்தகத்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்த வெறும் பக்கத்தைத் தன் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிச்சம்மாள் சொன்னது அவ்வளவுதான். அதற்குள் டயர் மாட்டியாகிவிட்டது.

என் சின்ன மகனும் மண்ணைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறான். ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கு அவன் பெயரை மட்டும்தான் அதில் படிக்கத் தெரியும். எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால், அதன் கடைசிப் பக்கத்தைக் கொஞ்சம் வாசித்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.