பன்றிக்கென்று வாங்கிய திராட்சை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது இஞ்ஞாசியம்மாள் சிஸ்டர். என் கடைக்குட்டி மஞ்சள்காமாலையோடு மடத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு தவக்காலத்து மத்தியானத்தில் சொன்னார். சிஸ்டர் ஸ்பெயின் தேசத்தில் ஊழியம் செய்துவிட்டு வந்தவர்.

அங்கே ஒரு குடும்பம். பரம்பரையாகச் சிவப்பு ஒயின் செய்கிறவர்கள். வீட்டின் இளையவள் ரெமேதிதான் நிலவறைக்குத் தலைமை. அவளிடம் தொழில் படித்தவர் அவள் அக்காள் புருஷன் ஃபெர்மின். லாரி ஓட்டியவர், அவளைவிட மூத்தவர். சாப்பாட்டு மேசையில் அவள் மச்சினி. நிலவறைப் படி இறங்கிவிட்டால் டீச்சர்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சீடன் தனியாகச் செய்த முதல் ஒயின் தேறிவிட்டால், இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, பீப்பாயின் முகப்பில் பெயரைச் சுட்டு எழுதுவார்கள்.

ஃபெர்மினுக்கு மேட்டுத் தோட்டத்தைக் கொடுத்தார்கள். அறுவடை நேரத்தில் ஆலங்கட்டி மழை கொட்டி, பழமெல்லாம் நைந்துபோனது. தப்பிய பழமே ஒயினுக்குப் போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பக்கத்துக் கல்லுச்சரிவுக்கு லாரியை ஓட்டினார். அது பிளாஸ் என்பவருடைய தோட்டம்.

"என் பழம் உனக்கு எதுக்குய்யா?" என்றார் பிளாஸ்.

"பன்றிக்குப் போட, அண்ணே."

பிளாஸ் கூடை கூடையாக ஏற்றிவிட்டார்.

ஒயின் அருமையாக வந்தது. மறுவருஷம் விருந்துக்கு வந்தவர்களெல்லாம் ஃபெர்மினின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"டீச்சர், என் பெயரை எப்போ சுடுவே?"

ரெமேதி ஒரு வாய் குடித்தாள். விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"எந்தத் தோட்டத்துப் பழம், அத்தான்?"

"மேட்டுத் தோட்டம்தான். வேற எது?"

"சரி. பிளாஸ் நாளைக்குக் கொடியெல்லாம் பிடுங்கப் போறாராம். கடப்பாரையோட ஒத்தாசைக்குப் போங்க. இதுல ஒரு குப்பியும் கொண்டுபோங்க. வெயில்ல வேலை செய்றவருக்குத் தாகமெடுக்கும்."

போனார். முதல் கொடி வேரோடு வந்தபோது ஃபெர்மின் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் அண்ணே பிடுங்கறீங்க?"

"நீதானய்யா சொன்னே, பன்றிக்குத்தான் ஆகும்னு. ஒயின் வீட்டுக்காரன் சொன்னா சரியாத்தானே இருக்கும்? எங்கப்பா வச்ச கொடி. அவருக்கும் தெரியலே, எனக்கும் தெரியலே." பிளாஸ் குப்பியை வாங்கி மடமடவென்று குடித்தார். "அடேயப்பா! இதுல்ல ஒயின்! என் மண்ணுல இது ஏது? உன் கைக்கு முத்தம் கொடுக்கணும்யா."

நிஜமாகவே கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார்.

சாயங்காலம் ஃபெர்மின் நிலவறைக்கு வந்தபோது ரெமேதி அடுப்பில் இரும்பு போட்டிருந்தாள்.

"இது உங்க பழம்தான்னு அவர்கிட்ட சொல்லிட்டேன், டீச்சர்."

"ஏசினாரா?"

"ஏசியிருந்தா தேவலையே. பிடுங்கின கொடியை மடியில போட்டுக்கிட்டு, குழந்தையைத் தடவற மாதிரி வேர் மண்ணைத் தடவிக்கிட்டே இருந்தார். என் முகத்தைப் பார்க்கலே. என் பெயரைச் சுடாதே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"உங்க பெயரைச் சுட யார் இரும்பு போட்டா? அவர் முழுப் பெயரைச் சொல்லுங்க, அத்தான்."

ஃபெர்மின் வாயைத் திறந்தார். பிளாஸ் என்பதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனிதர்.

ரெமேதி அடுப்பில் இன்னொரு கட்டையை வைத்தாள்.

"போய்க் கேட்டுட்டு வாங்க. நெருப்பு அணையாம நான் பார்த்துக்கறேன்."

சிஸ்டர் போன தை மாசம் கர்த்தருக்குள் அடங்கினார். நீங்கள் இதை யாருக்காவது சொல்ல நேர்ந்தால், இஞ்ஞாசியம்மாள் சிஸ்டர் சொன்னது என்று சொல்லுங்கள்.