குவளைபுரி அரசியும் கூரைப்பல்லியும்

முன்னே முன்னே, மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடிக்காத காலத்திலே, குவளைபுரி என்று ஒரு நாடு இருந்தது. சின்னவர்கள் முன்னால் வாருங்கள். பெரியவர்கள் குறுக்கே பேசாதீர்கள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ராஜா சபைக்கு வரும்போதெல்லாம் கட்டியக்காரன் முன்னால் நடந்து வந்து உரக்கக் கூவுவான்: "கோபம் இல்லாதவர், பயம் இல்லாதவர், துக்கம் இல்லாதவர் வருகிறார், பராக்! பராக்!" பின்னால் வருகிற ராஜாவோ, வெந்நீர் ஆறிப்போனதற்காக அன்று காலையில்தான் வேலைக்காரர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அது அவருக்கும் தெரியும், சபைக்கும் தெரியும். கட்டியத்தை யாரும் மெய் என்று நம்பியதில்லை, அதனால் கெடுதலும் வந்ததில்லை.

ஒருநாள் ராஜா காய்ச்சலில் இறந்துபோனார். அவருக்கு ஒரே மகள், மரகதவல்லி. சிம்மாசனம் காலியாக இருக்கக் கூடாது என்று, தகனம் முடிந்த கையோடு அவளுக்கு முடிசூட்டினார்கள். முடிசூடும்போது அழக் கூடாது என்பது சாஸ்திரமாம். எந்தப் புண்ணியவான் எழுதினானோ! அவள் அழவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு மந்திரவாதி சபைக்குள் வந்தான். புது அரசிக்கு ஒரு வரம் தருகிறேன், என்ன வேண்டும் என்று கேட்டான். சேனாதிபதி மாறப்பன் முந்திக்கொண்டார். எங்கள் கட்டியம் இவர் விஷயத்தில் மெய்யாகட்டும், கோபமும் பயமும் துக்கமும் இல்லாத அரசியாக ஆக்கிக் கொடு என்றார். மரகதவல்லியும் தலையாட்டினாள். அழாமல் அடக்கி வைத்திருக்கிற இந்தப் பாரம் போனால் போதும் என்றிருந்தது அவளுக்கு. மந்திரவாதி கையை வீசினான். என்னவோ சொன்னான். மேளச் சத்தத்தில் அது ஒருவர் காதிலும் விழவில்லை. வந்த வழியே போய்விட்டான்.

அரசிக்கு மனசு லேசாகிவிட்டது. நாட்டுக்குத்தான் பாரம் ஏறியது.

முதலில் அடுப்பு. அரண்மனை அடுப்புகள் திடீர் திடீரென்று ஆளுயரத்துக்குச் சீறின. சோறு கரிந்தது, குழம்பு கரிந்தது, சமையல்காரரின் புருவமும் கரிந்தது. "எனக்குக் கோபமே இல்லை" என்று சொல்லிக்கொண்டே அரசி அந்தச் சமையல்காரரை வேலையை விட்டு நீக்கினாள். அடுப்பு இன்னும் சீறியது.

அப்புறம் கதவு. ஜனங்கள் குறை சொல்ல வரும்போதெல்லாம் அரண்மனைக் கதவு தானே சாத்திக்கொண்டது. யானையை விட்டு முட்டியும் அசையவில்லை. "எனக்குப் பயமே இல்லை" என்று சொல்லிக்கொண்டே அரசி தச்சர்களை வேலையை விட்டு நீக்கினாள். கதவு இன்னும் இறுகியது.

அப்புறம் கிணறு. ஊர்க்கிணறு ஒன்று உப்புக் கரித்தது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது, கடைசியில் நாட்டில் இருந்த அத்தனை கிணறும். மாடுகள் தொட்டியில் வாய் வைக்க மறுத்தன. பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச ஒரு குடம் நல்ல தண்ணீர் இல்லை. ஜனங்கள் மூட்டை கட்டி வண்டியில் ஏற்றத் தொடங்கினார்கள். இப்படியே போனால் குவளைபுரியில் அரசியும் சிம்மாசனமும்தான் மிச்சம். "எனக்குத் துக்கமே இல்லை. ஆனால் இதைச் செய்தவன் யாரென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்" என்று அவள் சபையைக் கூட்டினாள்.

மாறப்பன் எழுந்தார். "பக்கத்து நாட்டான்தான் உப்பைக் கொட்டியிருக்கான். உங்க அப்பா இருந்திருந்தா இந்நேரம் படை கிளம்பியிருக்கும்" என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவும், கூரை உத்திரத்தில் இருந்த பல்லி இச் இச் என்றது. அவ்வளவுதான். ஒருவர் பேசி முடிக்கும்போது பல்லி சொன்னால் பேசியது மெய் அல்லவா? பல்லியே சொல்லிவிட்டது என்று சபை முழுக்க முணுமுணுத்தது. பொழுது விடிந்ததும் படை கிளம்ப வேண்டும் என்று முடிவாயிற்று.

எல்லோரும் போன பிறகு மரகதவல்லி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவளை ஒன்று உறுத்தியது. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளைச் சாக அனுப்பப் போகிறோம், நமக்கு ஏன் ஒன்றுமே தோன்றவில்லை? நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். வெறும் பானை மாதிரி இருந்தது. இது என்ன விந்தை என்று அவளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. மந்திரவாதி அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தான், நல்லவேளை.

அவள் அண்ணாந்து பார்த்தாள். "நீ என்னதான் சொன்னே?" என்று பல்லியைக் கேட்டாள்.

பல்லி சுவரில் இறங்கி வந்தது. "இத்தனை தலைமுறையா இந்த உத்திரத்துல இருக்கோம். எந்தப் பக்கம் சத்தம் வந்துச்சுன்னு பார்ப்பீங்களே தவிர, என்ன சொன்னேன்னு ஒருத்தரும் கேட்டதில்லை. நான் உச்சுக்கொட்டினேம்மா. அந்த மனுஷன் பேசின பேச்சுக்கு உச்சுக்கொட்டினேன்."

"அப்போ உப்பைப் போட்டது யாரு?"

"நீங்கதான். அந்த மந்திரவாதி என்ன சொல்லிட்டுப் போனான் தெரியுமா? 'இல்லாம ஆக்க எனக்குத் தெரியாது, இடம் மாத்தத்தான் தெரியும்'னான். மேலே இருந்த எனக்குக் கேட்டுச்சு."

கோபம் அடுப்புக்குப் போனது, பயம் கதவுக்குப் போனது, துக்கம் கிணற்றுக்குப் போனது என்று பல்லி விளக்கியது. திரும்ப வரவழைக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொன்றும் இருக்கிற இடத்துக்கே போய், அதனால் அவதிப்பட்டவர்கள் முன்னால் நின்று, இது என்னுடையது, இன்னதினால் வந்தது என்று மெய்யாகச் சொல்ல வேண்டும். காரணத்தைத் தப்பாகச் சொன்னால் வராது.

"வந்தா வலிக்குமா?" என்று கேட்டாள் அரசி.

"வலிக்கும்."

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். தெருவில் இன்னொரு வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. சரி, போகலாம் என்று எழுந்தாள். பல்லி நானும் வருகிறேன், உங்கள் தலைமேல் உட்கார்ந்துகொள்கிறேன் என்றது. பல்லி தலையில் விழுந்தால் ஆகாதே என்று அவள் தயங்கினாள். விழுந்தால்தானே ஆகாது, நான் ஏறித்தானே வரப்போகிறேன் என்று அது விறுவிறுவென்று ஏறிவிட்டது.

முதலில் அடுப்படிக்குப் போனார்கள். நீக்கிய சமையல்காரரையும் வரவழைத்தாள். "எனக்குச் சமையல்காரர் மேல கோபம்" என்றாள். அடுப்பு சீறியது. "மந்திரவாதி மேல கோபம்" என்றாள். அடுப்பு இன்னும் சீறியது. அவள் யோசித்தாள். இது எப்போதெல்லாம் சீறியது? மாறப்பன் "உங்க அப்பா இருந்திருந்தா" என்று ஆரம்பித்த போதெல்லாம். ஒவ்வொரு தடவையும் அவள் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். "எனக்கு மாறப்பன் மேல கோபம். அதை உங்க தலையில கட்டிட்டேன், என் தப்பு" என்று சமையல்காரரைப் பார்த்துச் சொன்னாள். அடுப்பு அடங்கியது. அவள் நெஞ்சு சுட்டது, ஆனால் தாங்குகிற சூடுதான். சமையல்காரர் அடுப்பில் உலையை ஏற்றினார்.

அடுத்து கதவு. அவள் சொல்லியனுப்பி வந்த தச்சர்களும், முன்பு குறை சொல்ல வந்த ஜனங்களும் வெளியே நின்றார்கள், அரசி உள்ளே நின்றாள். இந்தத் தடவை சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டாள், ஆனால் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. கடைசியில் கதவிடுக்கில் வாயை வைத்துச் சொன்னாள். "நீங்க கேக்கிறதுக்கு எனக்குப் பதில் தெரியாம போயிடுமோன்னு பயம். பயம் என்னுதுதான், கதவு மேல ஒரு குத்தமும் இல்லை." கதவு திறந்தது. போன பயம் அவளிடம் திரும்பி வந்தது, கதவைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாள். தச்சர்களில் மூத்தவர், எங்களுக்கும் புது உளியை எடுக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வழிவிட்டார்.

ஊர்க்கிணற்றுக்கு வருவதற்குள் பொழுது விடிந்துவிட்டது. மாறப்பன் படையோடு நின்றார். ஊரை விட்டுப் போகிற வண்டிகளும் அங்கேயே நின்றன. அரசி கிணற்றைப் பார்த்து, "என் துக்கம் இது. அப்பா போனதால வந்தது" என்றாள். காரணம் சரிதான், ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை. வாளியில் இறைத்து ஒரு கை அள்ளிக் குடித்தாள், உப்பு. பல்லியைக் கேட்டாள். நான் முட்டையிலிருந்து தனியாக வந்தவன், அப்பாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அது சொல்லிவிட்டது. மாறப்பன் பொறுமையிழந்து, சங்கை ஊதலாமா என்று கேட்டார்.

"கொஞ்சம் இருங்க" என்று அவள் கிணற்றங்கரையில் உட்கார்ந்தாள். யாருக்கும் சொல்லாததை மெல்லச் சொன்னாள். "முடிசூட்டினப்போ கிரீடம் பெரிசா இருந்துச்சு. காது வரைக்கும் இறங்கிடுச்சு. அப்பா பார்த்தா எப்படிச் சிரிப்பாருன்னு திரும்பிப் பார்த்தேன். அங்கே அவர் இல்லை. நீங்கதான் நின்னீங்க, மாறப்பன்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. படைக்கு முன்னால், வண்டிகளுக்கு முன்னால், ஓர் அரசி வாய்விட்டு அழுதாள். கிணற்றுக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் மாறப்பன் தலைப்பாகையைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டிருந்தார். ராஜாவும் அவரும் சின்ன வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். "உங்க அப்பா இருந்திருந்தா" என்று அவர் ஓயாமல் சொன்னது தன்னைக் குத்திக்காட்ட அல்ல, அவரும் அழ இடம் கிடைக்காமல் திரிந்தவர்தான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. நெஞ்சில் சுட்டுக்கொண்டிருந்த கோபம் தானாகத் தணிந்தது.

ஒரு பெண் வண்டியிலிருந்து குதித்து, வாளியில் நீர் இறைத்து, வாயில் வைத்துப் பார்த்தாள். இளநீராக இனித்தது. தன் குழந்தைக்குப் புகட்டிவிட்டு அரசியிடம் வந்தாள்.

"ராஜா போனப்போ நாங்க எல்லாரும் அழுதோம் தாயி. நீங்க மட்டும் அழலை. அப்பனுக்கே அழாத பொண்ணு நம்ம பிள்ளைக செத்தா அழுமான்னுதான் நாங்க வண்டியைக் கட்டினோம். தண்ணிக்காக மட்டும் இல்லை."

அரசி அந்தக் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மாறப்பன் படையைக் கலைத்தார். வண்டிகளில் ஏறிய மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

அதற்குப் பிறகு மரகதவல்லி நெடுங்காலம் ஆண்டாள். சபையில் சண்டை முற்றினால், "எனக்கு இப்போ கோபம் வருது, சாப்பிட்டுட்டு வந்து தீர்ப்புச் சொல்றேன்" என்று எழுந்துவிடுவாள். ஜனங்களும் சலிக்காமல் காத்திருந்தார்கள். அவள் தந்த தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு ஒருவரும் இன்னொரு வாசலுக்குப் போனதில்லை.

கதை கரை ஏறிவிட்டது. எழுந்து ஆளுக்கொரு வாய் தண்ணீர் குடியுங்கள்.