மதகு திறந்த மகாராஜா

முன்னொரு காலத்தில் கொழுந்தூர் நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், காது மட்டும் சீக்கிரம் களைத்துவிடும். அதனால் சபையில் ஒரு வழக்கம் வைத்திருந்தான். யார் பேச வந்தாலும் ஒரு வெற்றிலையை வாயில் போட்டுக்கொள்வான். அதை மென்று துப்பும்வரைதான் பேச்சு. துப்பிவிட்டால் அடுத்த ஆள்.

சபைப் புலவர் சொற்கொண்டலாருக்குத் தன்னைத் தவிர வேறு யார் பேசினாலும் ஆகாது. ராஜாவுக்கு முப்பத்திரண்டு பட்டங்களைக் கட்டிவைத்திருந்தார். ராஜா தலையசைத்து ஏற்ற பட்டம் கோட்டைச் சுவரில் கல்வெட்டாக ஏறிவிடும். பேச வருகிறவர்கள் முதலில் முப்பத்திரண்டு பட்டத்தையும் சொல்லித்தான் வணங்க வேண்டும் என்பதும் அவர் ஏற்பாடே.

அந்த வருஷம் ராஜாவுக்குப் படகு சவாரியில் ஆசை வந்து, தாமரையேரி மதகை மூடிவிட்டான். கீழ்மடை ஊரில் நெற்கதிர் பால் பிடிக்கும் சமயம். மூன்று நாளில் தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் பதர். ஊர்த் தலைவர் ஓடிவந்தார். இருபத்தேழாவது பட்டத்தில் ராஜா துப்பிவிட்டான். மறுநாள் அவ்வூர் வைத்தியர் வந்து பட்டங்களை மூச்சு விடாமல் சொன்னார். முப்பதாவதில் நாக்கு சுளுக்கிக்கொண்டது.

மூன்றாம் நாள், அதே ஊரிலிருந்து, சந்தையில் மோர் விற்கும் பூவாத்தாள் வந்தாள். நேராகச் சபை நடுவில் போய் நின்றாள்.

"மோர்க்காரியா!" புலவர் சிரித்தார். "பட்டத்தைத் தண்ணீர் கலக்காமல் சொல்லம்மா!"

சபையே சிரித்தது. பூவாத்தாள் தன் வியாபாரத்தை நினைத்துக்கொண்டாள். சந்தையில் நடந்து போகிறவனை நிறுத்த முதலில் 'மோரு!' என்று சொல்ல வேண்டும். மாட்டின் வம்சாவளியை அவன் குடிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம். இங்கேயும் அதுதானே?

ராஜா வெற்றிலையை மடித்துப் போட்டான். அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். வாசல் காவலாளிக்கும் கேட்கிற குரலில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"தாமரையேரி மதகைத் திறந்துவிட்ட மகாராஜாவே!"

ராஜாவுக்குப் புதிதாக இருந்தது. தலையசைத்தான்.

"கீழ்மடைக் கதிரைப் பதராகாமல் காத்த சாமியே!"

இன்னொரு தலையசைப்பு.

"படகைவிடப் பயிர் பெரிசுன்னு நினைச்ச பெருமானே! அவ்வளவுதாங்க."

ராஜா மெல்லுவதையே மறந்து தலையசைத்தான்.

புலவர் துள்ளி எழுந்தார். "பிரபு! இதெல்லாம் பொய்! மதகு மூடித்தானே கிடக்கிறது?"

"மகாராஜா தலையசைச்சாச்சே, ஐயா," என்றாள் பூவாத்தாள். "அப்போ கல்வெட்டுல ஏறுறது பொய்யின்னு சொல்றீங்களா? மத்த முப்பத்திரண்டும் எப்படிங்க?"

புலவர் மெல்ல உட்கார்ந்தார். ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான்.

"இரண்டு நாளாக வந்தவர்களும் தண்ணீர் கேட்கத்தான் வந்தார்களா? ஒருவரும் சொல்லவே இல்லையே!"

"சொல்ல விட்டாத்தானே மகாராஜா?"

சிரிப்பு நின்றது. ராஜா புலவரைத் திரும்பிப் பார்த்தான்.

"இனி என் சபையில் விஷயம் முன்னே, பட்டம் பின்னே. பூவாத்தா, பேச வருகிறவர்களை இனி நீதான் பழக்க வேண்டும். புலவரே, குதிரையேறி ஏரிக்குப் போய் என் ஆணையைச் சொல்லும். ஒரே ஒரு சொல். இரண்டானால் உம் பதவி போச்சு!"

ஏரிக்கரையில் ஊரே கூடியிருந்தது. பூவாத்தாள் மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்தபோது, சொற்கொண்டலார் மதகுக் காவலன் முன்னால் முகம் சிவந்து நின்றார். தொண்டை வரை வந்த 'அண்ட சராசரங்களும்' என்பதைச் சிரமப்பட்டு விழுங்கினார்.

"திற!"

தண்ணீர் பாய்ந்தது. ஊர் கைதட்டி ஆர்ப்பரித்தது. புலவர் திகைத்துப்போய் பூவாத்தாள் பக்கம் குனிந்தார்.

"யாருக்கம்மா இவ்வளவு கைதட்டல்?"

"உங்க பேச்சுக்குத்தாங்க, ஐயா."