ராஜாவின் புகழ் அடைத்த இடம்

முன்னொரு காலத்தில், அதாவது அரண்மனைக்குள் கம்ப்யூட்டர் நுழைந்துவிட்ட ஒரு முன்னொரு காலத்தில், கருவேல நாட்டை வீரபுஜங்கன் என்ற ராஜா ஆண்டுவந்தான். பெரிய ஏரியில் தண்ணீர் ஏறினால் கரையோர ஊர்களில் சங்கு ஊத வைப்பது அரண்மனை லினக்ஸ் கம்ப்யூட்டர்தான்.

ராஜாவுக்குப் புகழ்ச்சி என்றால் உயிர். அதைத் தெரிந்துகொண்ட தாண்டவராயர் என்ற அரசவைக்காரர், ராஜா தும்மினாலும் கொட்டாவி விட்டாலும் புகழ்ந்து எழுதித் தள்ளும் ஒரு புரோகிராமை அதே கம்ப்யூட்டரில் ஓட விட்டிருந்தார். வேலை வெட்டி இல்லாத மனுஷன்!

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஏரி தளும்பிய அன்று பார்த்து கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதன் வட்டில் ரூட் என்கிற முக்கியப் பகுதியில் எள் போடக்கூட இடமில்லை. மந்திரி குழல்வாய்மொழி சபைக்கு ஓடினாள். அவள் தங்கை குடும்பம் கீழ்க்கரையில்தான் இருந்தது.

ஒரு பெண் மந்திரியாக இருப்பதே தாண்டவராயருக்குப் பொறுக்காது. கம்ப்யூட்டரில் இருக்கும் ஊர்ப் பெயர்களை அழித்தால் இடம் கிடைக்குமே என்று சபையில் முந்திக்கொண்டு சொன்னார். பெயரை அழித்தால் சங்கு எந்த ஊருக்கு ஊதும்? ராஜாவோ தலையாட்டப் போனான். இடத்தை அடைத்திருப்பது அந்தப் புகழ்ச்சிதான் என்று மந்திரிக்குத் தெரியும். அதை அழி என்று நேராகச் சொன்னால் தலை தப்பாது.

"மகாராஜா, உங்கள் புகழுக்கு அளவுண்டா?" என்று கேட்டாள்.

"ஏது அளவு?" என்றான் ராஜா.

"தாண்டவராயர் அதை ஒரு வட்டுக்குள் அடைத்துவிட்டார். இவ்வளவுதான் ராஜாவின் புகழ் என்று நாலு பேர் பேச மாட்டார்களா?"

ராஜாவின் முகம் சுருங்கியது. உடனே அழிக்கச் சொன்னான். தாண்டவராயர் புகழ்ச்சி இருந்த கோப்பை அழித்தார். இடம் மட்டும் வரவில்லை. மந்திரி பேச்சைக் கேட்டுப் புகழ் போனதுதான் மிச்சம் என்று கோள் மூட்டினார்.

"எழுதுகிற புரோகிராம் இன்னும் ஓடுகிறது, மகாராஜா. அது பிடியை விடாதவரை, அழித்த கோப்பும் இடத்தை விடாது. துதியை நிறுத்தச் சொல்லுங்கள்," என்றாள் மந்திரி.

ராஜா அரைமனதாகத் தலையசைத்தான். புரோகிராமை நிறுத்தியதும் இடம் கிடைத்தது, கம்ப்யூட்டர் எழுந்தது. கரை நெடுகச் சங்கு ஊத, சனங்கள் மேடேறிப் பிழைத்தார்கள். கீழ்க்கரையில் மட்டும் தண்ணீர் முந்திக்கொண்டது.

பிணம் தேடும் படகில் துடுப்புப் போடத் தாண்டவராயரை அனுப்பினான் ராஜா. மந்திரியிடம் முத்துமாலையை நீட்டி, வேறென்ன வேண்டுமானாலும் கேள் என்றான்.

"கீழ்க்கரையில் போனவர்களின் பெயர்களைக் கம்ப்யூட்டரில் எழுதி வைக்க வேண்டும்," என்றாள் அவள் அழுதுகொண்டே.

"அத்தனைக்கும் இடம் போதுமா?"

"உங்களை ஒரு நாள் புகழ்ந்ததற்கு ஆன இடம்கூட வேண்டாம், மகாராஜா."

ராஜா நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். அன்று சபையில் யாரும் அவனைப் புகழவில்லை.