துடைக்காமல் விட்ட ஓர் இடம்

"இந்த ஒரு இடத்து அழுக்கு மட்டும் போக மாட்டேங்குதுங்க அம்மிணி. கம்பி பிரஷ் தேஞ்சதுதான் மிச்சம்."

சொன்னவர் பொன்னுரங்கம். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் நூல் மில்லில் இருந்துவிட்டு, பழைய மிஷின்களைச் சுத்தம் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள ஜெசிந்தாவின் பட்டறைக்கு வந்தவர்.

ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு வயது. கணபதி வட்டாரத்தில் எங்கே ஒரு பட்டறை மூடினாலும், அங்கிருந்த லேத், அதாவது கடைசல் மிஷின், அவள் கையால் குளித்துத்தான் அடுத்த இடத்துக்குப் போகும்.

அவள் எழுந்து வந்தாள்.

எதிரே நின்ற லேத்தைத் தேர்ந்தெடுத்தது பொன்னுரங்கம்தான். கடைசல் வேலைக்கான டர்னர் படிப்பு முடித்த அவர் மகள் சுகந்தி சொந்தமாகப் பட்டறை வைக்கப் போகிறாள். அவளுக்காக வாங்கியது. பதினோரு வருஷம் பூட்டிக் கிடந்த கொட்டகையிலிருந்து வந்தது. வந்தபோது எண்ணெயும் இரும்புத்தூளும் தூசியும் சேர்ந்து, தார் பூசினாற்போல் இறுகியிருந்தது. வியாழக்கிழமை ஏற்றிப்போக வண்டி வரும்.

ஜெசிந்தா உள்ளங்கையை மிஷின் மேல் வைத்தாள். நீளமாகத் தடவிக்கொண்டே நடந்தாள். இரும்பு வழவழவென்று பளிச்சிட்டது. பல்சக்கரங்களின் இடுக்கில்கூட ஒரு பொட்டு கறுப்பில்லை.

லேத்தின் சுழலும் தலைப்பகுதி வந்து உட்காரும் அடிப்பக்கத்தில் கை நின்றது. உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம். கம்பி பிரஷ் தொட்ட சுவடே இல்லை.

"இங்க?"

"அது... கடைசியாப் பாத்துக்கலாம்னு."

"எத்தனை நாளாக் கடைசி?"

பொன்னுரங்கம் பிரஷைக் கீழே வைத்தார்.

ஜெசிந்தா ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். அவர்தான் பேச வேண்டியிருந்தது.

"விரிசல் விட்டிருக்குதுங்க. போன வாரமே பாத்துட்டேன். விரல் நீளத்துக்கு ஒரு கோடு. அந்த இடத்துல விரிசல் விட்டா மிஷினே போச்சு. எடுத்த இடத்துல திருப்பி வாங்க மாட்டாங்க. அந்தப் புள்ள பேர்ப்பலகை வரைக்கும் எழுதி வெச்சிருக்குது. சோறு எறங்கலீங்க எனக்கு."

"கோட்டைப் பாத்தீங்க."

"ஆமாங்க."

"இரும்பைப் பாத்தீங்களா?"



"நீங்களே ஒருக்காப் பாத்துச் சொல்லிப்போடுங்க அம்மிணி. உங்க வாயால கேட்டாத் தாங்கிக்குவேன்."

"நான் பாத்தா எனக்குத்தான் தெரியும்."

அவள் எழுந்தாள். பனியன் கம்பெனிக் கழிவுத் துணியை ஒரு கைப்பிடி எடுத்து டீசலில் முக்கிப் பிழிந்தாள். கட்டிக்குப் பற்றுப் போடுகிற மாதிரி, அதை அந்த இடத்தில் பொத்தி வைத்தாள்.

"ரெண்டு மணி நேரம் ஊறட்டும்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றதுங்க?"

"நீங்களும்தான் ஊறுங்க."

பொன்னுரங்கம் லேத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருவில் லாரிகள் போயின. மகளிடம் எப்படிச் சொல்வது என்று நாலு விதமாய்ச் சொல்லிப் பார்த்தார். நாலும் சரிப்படவில்லை. ஒருமுறை துணியை விலக்கக் கை போனது. போன கை திரும்பிவிட்டது.

நேரம் ஆனதும் ஜெசிந்தா மூங்கிலைச் சீவிய ஒரு பட்டையை அவர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு வேறு மிஷினுக்குப் போனாள்.

அவர் துணியை எடுத்தார். சுரண்ட ஆரம்பித்தார். சரக், சரக்.

கறுப்பு இளகிக் கூழாய் வந்தது. கோடு தெரிந்தது. இன்னும் இரண்டு இழுப்பு. கோடு அகலமானது. ஓரத்தில் கிளைகூட விட்டது.

பொன்னுரங்கம் மூங்கிலை எடுத்துவிட்டார்.

"சத்தத்தைக் காணோமே" என்றாள் ஜெசிந்தா, திரும்பாமலே.

"பெருசாவுதுங்க அம்மிணி."

"சுரண்டுங்ணா."

கண்ணை மூடிக்கொண்டு மூங்கிலை உள்ளே கொடுத்து நெம்பினார். டப்பென்று ஏதோ பெயர்ந்தது.

கண்ணைத் திறந்தபோது, ஓட்டுச்சில்லு போல ஒரு கறுத்த அழுக்கு வில்லை அவர் உள்ளங்கையில் கிடந்தது. நடுவில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, அதே கோடு.

அது இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் இரும்பு.

துணியால் துடைத்தார். கட்டை விரலால் நீவினார். நகத்தால் கீறிப் பார்த்தார். நகம் எங்கும் தடுக்கவில்லை. ஒரு ஸ்பேனரை எடுத்துத் தட்டினார். ணங்கென்றது. விரிசல் விட்ட இரும்பு அப்படிப் பேசாது.

இன்னொரு தரம் தட்டினார். வேண்டுமென்றே மூன்றாவது தரமும் தட்டினார்.

தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் கோத்தது. கூடவே சிரிப்பும் வந்தது. வில்லையை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு, மறு கையால் போனை எடுத்தார்.

"சுகந்தி... ஒண்ணுமில்ல சாமி. மிஷினு நல்லா இருக்குது. ஆமா, நல்லா இருக்குது. வியாழக்கிழமை வரைக்கும் எதுக்கு, நாளைக்கே வா. அழுவுலயே, யாரு அழுவுறா? டீசலு கண்ணுல பட்டுப்போச்சு."

போனை வைத்தபோது ஜெசிந்தா எதிரில் நின்றிருந்தாள்.

"எங்க, அந்த விரிசலைக் காட்டுங்க பாக்கலாம்."

பொன்னுரங்கம் கையை நீட்டி விரித்தார்.

பிடித்த பிடியில் டீசலில் ஊறிய அந்த வில்லை கறுப்புக் கூழாகி, விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது.