முன்னால் போகிறவள்

“அம்மா, எங்க வில்லுக்கு என்ன சாபம்?” வந்ததும் வராததுமாகக் கேட்டான் கொற்றன்.

மலை வேடர்களுக்குத் தலைவன் அவன். குரு நல்லினி அவனைவிட இளையவர்தான். ஆனாலும் அவருடைய குகை வாசலுக்கு வந்தால் கொற்றனின் மீசை தானாக இறங்கிவிடும்.

“என்ன ஆச்சு?”

“எங்கப்பா காலத்தைவிட அதிகமா மான் அடிக்கிறோம். கூட்டமே பாதியாயிடுச்சு. ஆனா தினைக்கொல்லையில மான் பண்ற அழிவு மட்டும் கூடிக்கிட்டே போகுது. இந்த வெள்ளாமையும் போச்சுன்னா மலையை விட்டே இறங்கணும்மா.”



“எந்த மானை அடிப்பீங்க?”

“முன்னால வர்ற பெரிய பெண்மானைத்தான். பின்னால வர்றதை அடிச்சா அதுக்குப் பேரு வேட்டையா?”

மீசை கொஞ்சம் ஏறியது.

குரு எழுந்தார். “தாகமா இருக்கு. மேல்சுனைக்குப் போகலாம், வா.”

அவர் முன்னால் நடக்க, கொற்றன் பின்னால் ஏறினான். ஆளை மறைக்கும் புல்லுக்குள் போனதும் குரு சட்டென்று நின்றார். அவனுக்குப் பின்னால் வந்துவிட்டார்.

“இனி நீ முன்னால போ.”

“எனக்கு வழி தெரியாதேம்மா! நாங்க அடிக்கிறதெல்லாம் கொல்லை ஓரத்துலதான்.”

“நான் செத்துட்டேன்னு வெச்சுக்கோ. எந்தப் பக்கம் போவே?”

“தெரிஞ்ச பக்கம்தான்.”

“அது எங்கே போய்ச் சேரும்?”

“எங்க தினைக்...”

திறந்த வாய் மூடவில்லை. குருவைக் கும்பிடக்கூட மறந்து, கொற்றன் சரிவில் தலைதெறிக்க ஓடினான்.

கீழே வேடர்கள் பறை கொட்டி விரட்டிக்கொண்டிருந்தார்கள். மான்கள் போக்கிடம் தெரியாமல் கொல்லைக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் தினையை மிதித்தன. அப்போது காது கிழிந்த கிழப் பெண்மான் ஒன்று கூட்டத்தைப் பிளந்து முன்னால் வந்து, மலைப்பக்கம் திரும்பியது.

கொற்றனின் மைத்துனன் பாறன் அதற்குத்தான் குறி வைத்திருந்தான்.

கொற்றன் பாய்ந்து வில்லைத் தட்டிவிட்டான். அம்பு வானத்துக்குப் போயிற்று. அதோடு விடாமல், கடைசியில் நொண்டி வந்த ஒரு கிடா மானைத் தன் அம்பால் வீழ்த்தினான்.

“என்ன மச்சான் இது! தலைவியை விட்டுட்டு நொண்டியை அடிக்கிறே! அவ தப்பிச்சுப் போறா பாரு!”

கிழமான் மேல்சுனைப் பக்கம் ஏறியது. குட்டியும் பெட்டையும் கிடாவுமாக மொத்தக் கூட்டமும் அதன் பின்னாலேயே ஏறியது. கொல்லையில் ஒரு மான்கூட மிச்சமில்லை.

கொற்றன் பறையைப் பிடுங்கித் தானே கொட்டினான். சந்தோஷத்தில் அவனுக்குக் கண்ணீர் வழிந்தது.

“போகட்டும்டா பாறா, போகட்டும்! எல்லாரையும் கூட்டிக்கிட்டுல்ல போறா!”